எட்டாவது தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நான் சீஃப் கெஸ்ட். சிரிக்காதீர்கள். சேலையூரில் நான் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டின் அசோசியேஷன் ஹாலில்தான். பத்திரிகையில் எழுதுகிற ஆள் ஒருவன் அதே கட்டடத்தில் சும்மா கிடைக்கும்போது, சால்வையை வேறு யாருக்குப் போடுவார்கள்?

விழா நாயகி மூன்றாவது மாடி தாரிணி. இசைக் கல்லூரியில் இறுதியாண்டு. பாடுவதில்லை, இசை எழுதுகிறாள். வயலின், அதற்குப் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும் செல்லோ, புல்லாங்குழல், கூடவே தட்டுகிற வாத்தியம் என்று நாலே பேர் வாசிக்கிற சின்னக் குழுவுக்கு.

"சினிமாவுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள்."

"அப்போ பக்தியா?"

"இல்ல அங்கிள்."

அதற்கு மேல் எனக்குக் கேள்வி தெரியவில்லை.

தட்டுகிற வாத்தியம் என்றதும் தபேலா என்று நினைத்துவிடாதீர்கள். பிரேக் டிரம்! லாரிச் சக்கரத்துக்குள் இருக்குமே, கனத்த இரும்புக் கிண்ணம்... அதேதான். மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் அப்பா, ரிஜெக்ட் ஆன நாலைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மூன்று மாதமாக தினமும் மாலை ஐந்து மணிக்கு நண்பர்களோடு ஒத்திகை. டங்... டங்...

கீழ் வீடு சபேசனுடையது. டெலிபோன்ஸில் ஓய்வு பெற்றவர், அசோசியேஷன் செகரெட்டரி. வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட புகார் இது: "இன்றும் ஏழு தட்டு. பிறகு நிசப்தம். ஒழிந்தது என்று காபியை வாயருகே கொண்டு போகிறேன், எட்டாவது தட்டு! மனிதன் வாழ்வதா வேண்டாமா?"

இத்தனை கவனமாக இசை கேட்கிற ரசிகர் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள்?

எழுதிய இசையை ஒரு முறையாவது ஆட்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், பேராசிரியை நேரில் வந்து மார்க் போடுவார். இது கல்லூரி விதி. தாரிணி ஹாலைக் கேட்டாள். சபேசன் கொடுத்தார். ஒரே நிபந்தனை: அன்றோடு தட்டுவது நிற்க வேண்டும்.

மணி ஐந்து. பேராசிரியை வந்தாயிற்று. சால்வையும் என் தோளுக்கு வந்தாயிற்று. பிரேக் டிரம் வாசிக்கிற நண்பன் மட்டும் வரவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் அவன் குரல்: "இரும்புலியூர்ல மாட்டிகினேன் தாரிணி! முன்னால ஒரு லாரி படுத்துகினு கீது. ஒரே பேஜாரு!"

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரைக்கு சிட்டிக்குள்ள இன்னொரு ஸ்டூடன்ட் இருக்காங்கம்மா. இன்னிக்கு இல்லன்னா அடுத்த செமஸ்டர்தான்."

"நீயே தட்டிடேன்மா" என்றேன், பெரிய யோசனை போல.

"செல்லோ நான்தானே அங்கிள்..." அவள் குரல் உடைந்தது. நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். சீஃப் கெஸ்டால் முடிந்தது அவ்வளவுதான்.

தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சபேசனிடம் போனாள்.

"அங்கிள், நீங்க வாசிங்க."

"நானா? எனக்கு சரிகமபதநியே தெரியாதேம்மா!"

"எத்தனை தட்டு, எங்க கேப், எல்லாம் உங்களுக்குத் தெரியும் அங்கிள். குரூப்ல நீங்கதானே எழுதினீங்க?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். சபேசன் முகம் சிவந்தது. போச்சு, கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கேட்டார்: "எட்டாவதுக்கு முன்னாடி புல்லாங்குழல் ரெண்டு வாட்டி இழுத்து நிக்கும். அதுக்கப்புறம்தானே?"

"அதேதான் அங்கிள்!"

மரச்சுத்தியல் கை மாறியது.

வயலின் தொடங்கியது. சபேசன் தட்டினார். ஒன்று, இரண்டு... ஏழு. பிறகு நிசப்தம். முடிந்துவிட்டது என்று நான் ஓங்கிக் கைதட்டினேன். ஹாலில் என் கை மட்டும். சபேசன் என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை... சால்வைக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

சுத்தியல் காற்றில் நின்றது. அவர் நெற்றியில் வியர்வை. புல்லாங்குழல் ஒரு முறை இழுத்து ஓய்ந்தது. அவர் அசையவில்லை. இரண்டாவது முறை...

டங்!

இரும்பின் ஓசை தேய்ந்துகொண்டே போனது. அது தேய்ந்து முடிகிற இடத்தில், அதே சுரத்தைச் செல்லோ மெல்ல எடுத்துக்கொண்டது. எனக்கு இசை தெரியாது. ஆனால் உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த தாரிணி சிரித்தாள்.

பேராசிரியை அவள் கையைக் குலுக்கினார். பாஸ்.

பிறகு நான் இசையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். தெரியாத விஷயம்தானே தடையில்லாமல் வருகிறது?

கீழே இறங்கியதும் சபேசனிடம், "உங்க நிபந்தனை என்னாச்சு?" என்றேன்.

"அடுத்த மியூசிக் பீஸுக்கு ஒத்திகை வேணாமா சார்? பொறுப்பா பேசுங்க!" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அவர் மனைவி பக்கத்தில் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். "சார் பிரமாதமா வாசிச்சார்மா" என்றேன்.

"வாசிச்சதை விடுங்க" என்றார் அந்த அம்மாள். "மத்தவங்க முடிக்கிற வரைக்கும் இந்த மனுஷன் சும்மா காத்திருந்தாரே... முப்பத்தோரு வருஷத்துல இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"