எலிக்கு ஏது அரிவாள்?

பூதலூர் ரோட்டில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப். கார் வயரிங், சென்சார் கோளாறுகள்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுடைய சொந்த அக்கா கார் மக்கர் பண்ணினால் கோபம் வராதா? வந்தது. கார் மேல் அல்ல, அத்தான் மேல்.

அக்கா நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஓட்டப் பழகினவள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த டீசல் வண்டி. ஆயுத பூசை முடிந்த பிறகு, அவள் வயலுக்குப் போகிற வாய்க்கால் கரை ரோட்டில் மட்டும் ஒரு தொல்லை. நாலு குழியில் இறங்கி ஏறினால் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுவையை விட்டு மாட்டு வண்டி மாதிரி நகரும். நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அத்தான் தஞ்சாவூர் தார் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார், ஒன்றும் ஆகாது. "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டுற கைதான் சரியில்ல" என்று தெரு பூராவும் சொல்லிவிட்டு, சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை தெருப் பெண்களை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கும் டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்றார் மனுஷன். அக்காவுக்கு முகமே செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை இருவரையும் வண்டியோடு வரச் சொன்னேன். கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டினால், டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கிற சென்சாரில் தப்பு என்று காட்டியது. அது பேச்சை நிறுத்தினால் இன்ஜின் பயந்துபோய்த் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

"சென்சார மாத்திடு மாப்ள, தீந்துச்சு."

"செத்த நேரம் சும்மா இருங்க அத்தான்."

என்னிடம் இருந்த நல்ல சென்சார் ஒன்றை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, அதற்குப் போகும் வயரைப் பிடித்து ஆட்டினேன். திரையில் இருந்த எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. விட்டால் ஏறியது, ஆட்டினால் விழுந்தது. சென்சார் மேல் தப்பில்லை, வயர்தான். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

முன் பம்பரைக் கழற்றினேன். குறுக்குக் கம்பியை ஒட்டிப் போகிற வயர் ஓரிடத்தில் அறுபட்டு, உள்ளே ரெண்டு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எலி!" என்றார் அத்தான். "குறுவை அறுப்பு முடிஞ்சா அம்புட்டு எலியும் வீட்டுக்குத்தான் வருது."

எலி கடித்திருந்தால் பிய்த்துப் போட்டிருக்கும். இது நேராக, ஒரே இழுப்பு. பக்கத்திலேயே, முன்பக்க வலை இடுக்கு வழியாகக் கம்பியில் கட்டிய நீல நைலான் கயிற்றின் முடிச்சு ஒன்று மிச்சம் இருந்தது.

"அத்தான், பூசைக்கு வண்டில வாழைக்கன்னு கட்டுனது யாரு?"

"நான்தான். ஏன்?"

"அவுத்தது?"

"அதுவும் நான்தான். முடிச்சு இறுகிப்போச்சு, கதிர் அருவாள வச்சு ஒரு இழு..." பாதியில் நின்றுவிட்டார்.

"எலிக்கு ஏது அத்தான் அருவா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அத்தான் என் கடைக் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நான் வயரை ஒட்டவைத்து, உறை போட்டுச் சுற்றி, பம்பரை மாட்டிச் சாவியை அவரிடமே கொடுத்தேன். வாங்கியவர் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "இந்தா" என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா உடனே வாங்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து, அதே காரின் இன்னொரு சாவியை எடுத்துக் காட்டினாள்.

"இது எங்கிட்டயேதாங்க இருக்கு. நீங்களா குடுக்கணும்னு இருந்தேன்."

அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு அக்கா ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சோதனை ஓட்டம் வாய்க்கால் கரையில்தான். ஒரு குழியையும் விடாமல் இறக்கி ஏற்றினாள். மஞ்சள் விளக்கு எரியவில்லை. அத்தான் தலை ரெண்டு தரம் கூரையில் இடித்தது. மனுஷன் தலையைத் தடவிக்கொண்டே, "ரோடுதான் சரியில்ல" என்றார்.