இரட்டைப் படகைத் தட்டிப் பார்த்த கதை

பழைய படகு வாங்குகிறவர்களுக்கு முன்னால் போய் அந்தப் படகைத் தட்டிப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது என் தொழில். குடியிருப்பது ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில். அங்கிருந்து கடல் எங்கே என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பழைய கார், பழைய பைக், பழைய ஃபிளாட் என்று எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையில் நின்ற படகு

கதிர் என்று ஒருவர் போன் செய்தார். கரூர்க்காரர், ஐ.டி. வேலை, வெள்ளானூரில் ஃபிளாட். ‘கேட்டமரான் ஒண்ணு பாக்கணும் சார்’ என்றார். நம் கட்டுமரம்தான், வெளிநாடு போய் வசதியாகத் திரும்பியிருக்கிறது. இரண்டு ஒல்லிப் படகுகள், நடுவில் அவற்றை இணைக்கும் மேடை, அதன்மேல் பாய்மரம். இரண்டு பக்கமும் படுக்கை, ஒரு சின்னச் சமையலறை, கழிவறை. கதிரும் அவர் மனைவி பானுவும் ஃபிளாட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியேறப் போகிறார்களாம். ஃபிளாட்டுக்கு அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது. தை முதல் நாள் சாவியைக் கொடுக்க வேண்டும். அதாவது, நான் ‘தேறும்’ என்று சொல்லி அது தேறாமல் போனால் அந்தத் தம்பதிக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை.

படகு நின்றது நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில். மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து ஏலத்தில் எடுத்து, பிரித்து, லாரிகளில் கொண்டுவந்து மறுபடி பூட்டி வைத்திருந்தார் பாஸ்கர். ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் எதிரே வருகிறவரையெல்லாம் சாமி என்றுதான் கூப்பிட்டார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"லாரில வந்துகினு இருக்க சொல்ல பூந்தமல்லில ஒருத்தரு, ‘இன்னா நைனா, டேங்கு ஏன் படுத்துகினு போவுது’ன்னு கேட்டாரு சாமி. அன்னிக்கே முடிவு பண்ட்டேன், இத்த வித்துடணும்னு."

ஆறடிப் படுக்கை

முதல் சோதனைக்குப் பானுவின் அப்பா சிங்காரமும் வந்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடித்தனம். நல்ல உயரம். மகள் வீட்டை விற்பதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. இடது பக்கப் படகுக்குள் இறங்கி, டேப்பை எடுத்துப் படுக்கையை அளந்தார். ‘ஆறடி ஒழுங்கா இருக்குமா? கால் இடிக்காதே?’ என்றார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை எளிது. படகின் மேடை என்பது மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் நுரைப்பலகை. கிரீம் பிஸ்கட் மாதிரி. சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், மூன்றும் ஒட்டியிருக்கும் இடத்தில் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். நடுவில் ஒட்டு விட்டிருந்தால் ‘தொப்’ என்று செத்துக் கேட்கும். மேடையின் நடுவில், பாய்மரம் வந்து உட்காரும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினேன். மரத்தின் மொத்த பாரமும் அங்கேதான் இறங்கும். எல்லா இடமும் ‘டக்’. அட்வான்ஸ் கொடுக்கலாம், எழுதி வாங்குகிற அன்று இன்னொரு முறை தட்டிப் பார்ப்பேன், அது என் வழக்கம் என்று சொன்னேன். கதிர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்காரம் மட்டும் கொட்டகை வாசலையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்னி மூலை எதுன்னு கேட்டா மாப்ள இந்தப் பக்கம் கையைக் காட்டுறாரு. படகு திரும்பிக்கிச்சுன்னா மூலையும் கூடவே திரும்புமா?"

செத்த சத்தம்

பாஸ்கர் மலைக்குப் போனார். போகும்போது கொட்டகைச் சாவியை மனசாரக் கதிரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ‘உங்க போட்டு, வந்து குந்திக்கினு இருங்க சாமி’ என்று. அவர் மலையிலிருந்து திரும்பி, மார்கழியும் பிறந்த பிறகு இரண்டாவது சோதனை. பாக்கியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட எல்லாம் தயார்.

மேடையின் நடுவில் புதிதாக ஒரு கோலம், பெயின்ட்டில் பெரிதாகப் போட்டிருந்தது. மங்களகரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தட்டிக்கொண்டு வந்தேன். டக், டக், டக். கோலத்தின் மேல் தட்டினேன். தொப்.

மறுபடி தட்டினேன். தொப். சுத்தியலை விட்டு விரல் முட்டியால் தட்டினேன். அதுவும் தொப். பாய்மரம் உட்காரும் இடமே செத்துக் கிடந்தது. இந்த நிலையில் மரத்தை நிறுத்திப் பாயை ஏற்றினால், முதல் நல்ல காற்றில் மேடை அமுங்கி மரம் சாயும். கீழே யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில். கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னேன். கதிர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போன தடவை இதே இடத்தைத்தான சார் அத்தனை தடவை தட்டுனீங்க?"

என் காது

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. முதல் முறை நான் சரியாகக் கேட்கவில்லையா? வயது காதில் ஏறிவிட்டதா? சுத்தியலை எடுத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினேன். கதவைத் தட்டினேன். ஃபிரிட்ஜைத் தட்டினேன். எதிர் வீட்டுக்காரர் அவர் கதவைத்தான் தட்டுகிறேன் என்று நினைத்துத் திறந்து பார்த்தார். எல்லாம் அதது கேட்கவேண்டிய மாதிரிதான் கேட்டது. அதனால் நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. காது சரியென்றால் முதல் நாள் சொன்னதும் சரி, இரண்டாம் நாள் சொன்னதும் சரி. ஒரு படகு கொட்டகைக்குள் நின்றபடியே எப்படிச் சாகும்?

என் மனைவி மாவு டப்பாவை என் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்தாள்.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எது கெட்டுப்போச்சோ அங்க போய்த் தட்டுங்க."

கோலத்துக்கு அடியில்

மறுநாள் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். பாஸ்கரின் கழுத்தில் மாலை இல்லை. கதிர் இப்போது கத்தினார். நான் முதல் முறை பார்த்துவிட்டுப் போன பிறகு பாஸ்கர் எதையோ மாற்றி ஒட்டிவிட்டார் என்றார். பாஸ்கர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பக்கத்தில் வந்தார். ‘மாலையக் கழட்டிட்டேன் சார், ஞாபகம் வெச்சிக்கினு பேசுங்க’ என்றார். கதிர் என் பக்கம் திரும்பி, ‘நீங்களும் இவரும் ஒண்ணா?’ என்று கேட்டார். இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து கோலத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

வெள்ளைப் பெயின்ட்டுக்குக் கீழே மேடை பழுப்பாக இருந்தது. ஓரத்து இடுக்கில் கருகலாக ஏதோ நகத்தில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். நெய்.

‘இந்தக் கோலத்தைப் போட்டது யாரு?’ என்று கேட்டேன். பானு, தான்தான் என்றாள். கறை பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதன்மேல் போட்டாளாம். என்ன கறை? கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சின கறை. குடியேறப் போகிற இடமென்றால் பால் காய்ச்சியே ஆகவேண்டும் என்று சிங்காரம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். மார்கழி பிறந்துவிட்டால் முடியாது, தை வரை காத்திருக்கவும் முடியாது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில், பாஸ்கர் மலையில் இருக்கும்போது, நடுக்கூடம் இதுதான் என்று மேடையின் மையத்தில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, முறையாகத் தீ வளர்த்திருக்கிறார்கள். பிறகு அதே செங்கல்லில் பாலையும் பொங்கவிட்டு, கனல் தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சிமெண்ட் தரை அதைத் தாங்கும். ஃபைபருக்கு நடுவில் இருக்கும் நுரை வெந்து சுருங்கி, மேல்தோல் தனியாகப் பிரிந்துவிட்டது.

பாஸ்கர் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்போ என் போட்ட நீங்களே கொளுத்திட்டு, இம்மா நேரமா என்னையப் போட்டுத் திட்டிகினு கீறீங்க?"

அடுப்பு

அதற்குப் பிறகுதான் உண்மையான பயமே. இனி இந்தப் படகு வேண்டாம் என்று கதிர் சொல்ல முடியாது, கொளுத்தியது அவர் வீட்டார். வேண்டும் என்றாலும் மரம் நிறுத்த முடியாது. ஃபிளாட்டோ கைவிட்டுப் போய்விட்டது. வெந்த பகுதியை அறுத்தெடுத்துப் புது நுரை வைத்து மறுபடி ஃபைபர் போட வேண்டும், பாஸ்கரின் ஆட்களே செய்யலாம், ஆனால் பாரம் ஏற்றிப் பார்க்கும்வரை நான் உத்தரவாதம் தரமாட்டேன் என்றேன். செலவு என் தலையில் என்று சிங்காரம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதிர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று வாய் சொன்னது, மனசு ஆற இரண்டு நாள் ஆனது.

மேடையை வட்டமாக அறுத்தெடுத்த அன்று பானு ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய், அங்கேயே சிறிது நேரம் நின்றாள். திரும்பி வந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உள்ள கேஸ் அடுப்பு இருக்கு சார். ரெண்டு பர்னர். பாலை அதுல வைக்கலாம்னு எங்க மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலை."

மரம் நிறுத்திய நாள்

தை பிறப்பதற்குச் சற்று முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு கழிமுகத்தில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். கிரேன் மரத்தைத் தூக்கி நடு மேடையில் உட்கார வைத்தது. மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பி வடங்களை இறுக்க இறுக்க பாரம் கீழே இறங்கும். நான் மேடையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். பாஸ்கர் ஒரு திருகு திருகுவார், நிறுத்துவார், என் முகத்தைப் பார்ப்பார். நான் கையை அசைத்தால் அடுத்த திருகு. கதிரும் பானுவும் கரையில் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். ஒருமுறை ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் கரையில் போட்டிருந்த பலகை, சிங்காரம் அதன்மேல் ஏறி நின்றிருந்தார். கடைசித் திருகும் முடிந்தது. எழுந்து சுத்தியலை எடுத்துத் தட்டினேன். டக்.

பாஸ்கர் என் தோளில் அடித்த அடியில் சுத்தியல் தண்ணீரில் விழுந்தது. யாரும் கவலைப்படவில்லை. கதிர் அந்தக் கேஸ் அடுப்பில் டீ போட்டார். டீ கொடுக்கத் தேடினால் சிங்காரத்தைக் காணவில்லை. நான் டம்ளரோடு இடது பக்கப் படகுக்குள் இறங்கிப் பார்த்தேன். சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, அந்த ஆறடிப் படுக்கையில் நீட்டிப் படுத்திருந்தார். கால் இடிக்கவில்லை. என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வெள்ளானூர் வீட்ல ஒரு ரூம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இவங்க அதை வித்துட்டாங்க. இங்க வந்து இருந்துக்கவான்னு கேக்க வாய் வரல, அதான் அளந்து பாத்தேன். நீங்க கொஞ்சம் மாப்ளகிட்ட சொல்றீங்களா?"

சொன்னேன், அதிலிருந்து பழைய படகு வாங்க யார் வந்தாலும், பாலை எந்த அடுப்பில் காய்ச்சப் போகிறார்கள், உண்மையில் எத்தனை பேர் குடிவரப் போகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சுத்தியலை வெளியே எடுக்கிறேன்.