சந்தனம் காயாத தலை

நான்கு வருடங்களாக இதை எழுத நினைத்து, வெட்கத்தால் தள்ளிப்போட்டேன்.

நாங்கள் திருத்தணி. என் கணவர் கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புவார். "புத்தி எங்க மேயுது?" என்று திட்டுவேன். டாக்டரிடம் காட்டவில்லை. முருகன் பார்த்துக்கொள்வான் என்று, அவருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

அன்று காலை மலையில் மொட்டை போட்டு, குளிக்க வைத்து, தலையில் சந்தனம் பூசினேன். ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். இரண்டு பேரின் தோளைத் தொட்டு, வேறு முகம் பார்த்துப் பதறினேன்.

கடைசியில், மொட்டை போடும் இடத்திலேயே மறுபடியும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, இப்பதான வழிச்சேன். சந்தனம்கூட காயல. இன்னும் இன்னாத்த வழிக்கிறது?" என்றார் மொட்டை போடுபவர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிரிக்காதம்மா. என் வீட்டுக்காரி வேண்டிக்கினு கீறா. மொட்டை போடலன்னா அழுவா" என்றார்.

என் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனோம். மறதி நோய், நீங்கள் முன்பே கூட்டி வந்திருக்கலாம் என்றார். இப்போது மாத்திரை கொடுத்த பிறகுதான் விளக்கேற்றுகிறேன். திட்டுவதில்லை. காலையில் என் பெயரை நானே சொல்லி அவரை எழுப்புகிறேன்.

எனக்கும் சில பெயர்கள் சட்டென்று வருவதில்லை. அதனால் இதை யாருக்குச் சொன்னாலும், நான் சிரித்ததையும் சேர்த்து, மாற்றாமல் சொல்லுங்கள்.