எங்கே நிறுத்துவது என்பது என் வேலை

வேன் ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை, வழியில் எங்கே நிறுத்துவது என்று சொல்வது என் வேலை. இரண்டில் பேச்சு வாங்குவது என் வேலைதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வருஷத்தில் ஒரு நாள்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். அந்த நாள் கெட்டுப்போனால் வேறு நாள் எடுத்துத் தர என்னால் முடியாது. நீங்களும் ஒரு நாள் ஊர் சுற்றப் போய், திரும்பும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர் என்றால், நான் ஏன் பதறுகிறேன் என்று புரியும்.

அணையோரம் இட்லி

இப்போதெல்லாம் கோமுகி அணையில் டீயும் பன்னும்தான். டிபன் மலை ஏறிய பிறகு. முதல் தடவை அப்படி இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடட்டும் என்று இட்லி, வடை, சாம்பார் எல்லாம் அணையிலேயே வயிறு நிறையக் கொடுத்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. பாதி தூரம் ஏறுவதற்குள் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள்.

பயந்துகொண்டே ஓர் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "உள்ள போவச்சொல்ல நல்லாத்தாங்க இருந்துச்சி. வெளிய வரச்சொல்லத்தான் புடிக்கல."

தண்ணி இருக்குதா?

கிளம்புவதற்கு முந்தின நாள், மலைமேல் அருவியில் தண்ணீர் வருகிறதா என்று அங்கே வெள்ளிமலையில் இருக்கிற டீக்கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்பேன். ஆள் வந்தால்தான் அவருக்கு வியாபாரம். எந்த மாதம் கேட்டாலும் இருக்கிறது என்பார். அதை நம்பி, பங்குனியில் ஒரு விவசாயக் குடும்பத்தைத் துண்டு, சோப்பு, மாற்றுத்துணியோடு அழைத்துப் போனேன். பாறையில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது தண்ணீரைப் பற்றி நான் கேட்பதே இல்லை. கடையில் டீ குடிக்கிறவர்கள் தலை ஈரமாக இருக்கிறதா என்று கேட்கிறேன். அதற்குப் பொய் சொல்ல அவருக்கு இன்னும் வரவில்லை. அன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பெரியவர் சோப்பை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது: "எங்க கொல்லையில மோட்டாரப் போட்டுட்டு நின்னிருந்தா இதவிட ஜோரா குளிச்சிருக்கலாங்க."

பாறை ஸ்டாப்

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு பெரிய பாறை இருக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பின்னால் மறைவாகப் புதர் உண்டு. காலையில் கிளம்பியதிலிருந்து அடக்கிக்கொண்டு வருகிற பெண்களுக்கு எந்த அருவியும் அழகாகத் தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவள், ஆனால் இது எனக்குத் தெரியும். அதனால் நிறுத்துகிற இடங்களை எழுதி வைக்கிற நோட்டில், அருவிக்கு மேல் வரியில் இந்தப் பாறையை எழுதி வைத்தேன். வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "ஊரு உலகத்துல அருவியக் காட்டுவாங்க. நீ புதரக் காட்டப் போறியா?"

பதினாறு பேர்

போன ஆடியில் எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினாறு பெண்கள் வந்தார்கள். எல்லாரும் கழனி வேலை செய்கிறவர்கள். களையெடுப்பு முடிந்து, அடுத்த வேலை வருவதற்குள் ஒரு நாள் பிடித்துக் கிளம்பியிருந்தார்கள். இந்த ஒரு நாள்தான் என்று அவர்களை அழைத்து வந்த செல்வி என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால் மேலே மழை கொட்டி அருவியில் வெள்ளம். காவலுக்கு நின்றவர் கயிறு கட்டி மறித்துவிட்டார். வேனைத் திருப்பினோம். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வழக்கமான காரணத்துக்காகப் பாறையில் நிறுத்தினோம். மழை விட்டிருந்தது. ரோட்டுக்குக் கீழே ஒரு சாமைக் கொல்லையில் மலைப் பெண்கள் வரிசையாகக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், பதினாறு பேரும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கடைசி ஆள் வேரை விட்டுவிட்டுப் பிடுங்குகிறாள் என்று ஒருத்தி குறை சொன்னாள். இன்னொருத்திக்குக் கை சும்மா இருக்கவில்லை. இறங்கப் போனவளை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். ஒரு கொல்லைக்கு இத்தனை மேஸ்திரியா என்று கீழேயிருந்து கேலி வந்தது. புளிச்சோற்றுப் பொட்டலங்களை அங்கேயே பிரித்தார்கள். ஐந்து நிமிஷ ஸ்டாப் ஒன்றரை மணி நேரம் ஆனது.

அருவியைக் காட்ட முடியவில்லையே என்று செல்வியிடம் இழுத்தேன். அவள் வாயில் சோற்றோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அருவி கெடக்குதுக்கா. அடுத்தவங்க களையெடுக்கச்சொல்ல நான் குந்திக்கினு சோறு துன்றது இன்னிக்குத்தான்."

நிறுத்துகிற இடத்தைத்தான் நான் சொல்ல முடியும், அங்கே என்ன பார்ப்பது என்பதை இறங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்த பிறகும், கிளம்புவதற்கு முந்தின நாள் டீக்கடைக்காரருக்கு மூன்று தடவை போன் போடுவதை நான் விடவில்லை.