ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தூங்குமூஞ்சி

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா பட்டம் வாங்கி எத்தனையோ வருடமாயிற்று. படிப்பு மட்டும் முடிந்தபாடில்லை. பழைய மருந்தை வைத்தே காலம் தள்ளுகிற டாக்டர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெங்காயம் நறுக்கும்போதுகூடப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஆன்லைன் வகுப்பு கேட்பாள்.

பூனைக்கு வலிக்கிறதா என்று முகத்தை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம். கண் பாதி மூடியிருக்கும், காது பக்கவாட்டில் சரிந்திருக்கும், மீசை விறைத்திருக்கும், தலை தொங்கும் என்று திரையில் வரிசையாகப் படங்கள் வந்தன.

"இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? பாத்தாலே தெரியாதா?" என்று முணுமுணுத்தபடி வெங்காயத் தோலைக் குப்பையில் போடத் திரும்பினாள்.

ஃப்ரிட்ஜ் மேல் அவள் வளர்க்கும் பூனை, அந்தப் படத்தில் இருந்தது போலவே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தூங்குமூஞ்சி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்து வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தவளே அவள்தான்.

கையைக் கழுவிவிட்டு வந்து, அதன் வாயை மெல்லத் திறந்தாள். கடைவாய்ப் பல்லோரம் ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

அப்போது அவள் கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நம்ம தூங்குமூஞ்சி இன்னும் எழுந்திரிக்கலையா?"

"அது தூங்கவே இல்லைங்க," என்றாள். "இத்தனை நாளா என்கிட்ட சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கு."