கேட் மூடிய பிறகும் நின்ற கப்பல்

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். திருப்பூரில் மங்கலம் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. இருபத்தைந்து மிஷின். என் வீட்டுக்காரர் வெளிநாட்டு ஆர்டர் எடுத்துத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வருடம் சித்திரை மாதம், நாங்கள் தையல் நூல் வாங்குகிற கடையில் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு எங்களுக்கு விழுந்தது. இரண்டு பேருக்குக் கப்பல் டிக்கெட். சிங்கப்பூரில் ஏறினால் மூன்று நாள் கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிற சொகுசுக் கப்பல்.

கொடுத்த அட்டையில் கப்பல் படம் பெரிதாக இருந்தது. ரூம், சாப்பாடு, பாட்டு, நீச்சல் குளம் எல்லாம் இலவசம். அடியில் பொடி எழுத்தில், சிங்கப்பூர் போய்வருகிற விமானச் செலவு அவரவருடையது என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, "பந்தி எலவசமாமா, பந்தலுக்கு வர்றதுக்குத்தான் டிக்கெட்டாமா" என்று சிரித்தார். எனக்கும் அந்த அட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டால் நல்லது என்றுதான் இருந்தது.

ஆனால் அவருக்கு அந்தக் கப்பல் வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அவர் தைத்த துணி பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கப்பலின் பெயர் போட்ட காகிதம் வரும். சாப்பிட உட்காரும்போது அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். அந்தப் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கப்பலையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆர்டர் வந்துவிடும். சர்க்கரையால் அவருக்கு இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. வலது கண்ணும் குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்க பாத்தாலும் கரையே தெரியாம, தண்ணிக்கு நடுவுல ஒருக்கா நிக்கோணும் புள்ள. கண்ணு இருக்கறப்பவே அதப் பாத்துப்போடோணும்" என்றார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

பாஸ்போர்ட் எடுத்தோம். விமான டிக்கெட் போடுகிற ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். நான் வெளியாட்கள் முன்னால் பேசுகிறவள் இல்லை. படிப்பும் அஞ்சாம் வகுப்புதான். ஆர்டர் கொடுக்கிற பையர் கம்பெனிக்கு வந்தால் நான் செக்கிங் மேசையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். அங்கேயும் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆபீசில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பொறுமையாகச் சொன்னாள். மூன்று விதமாகப் போகலாம். கப்பல் கம்பெனிக்காரர்களே விமானத்தையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்று. ஆளுக்கு இருபத்துமூவாயிரம். விலை அதிகம்தான், ஆனால் விமானம் தாமதமானாலும் நம்மைக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டாவது, நாமே சென்னையிலிருந்து நேர் விமானத்தில் முந்தின நாளே போய், லாட்ஜில் தங்கி, மறுநாள் கப்பல் ஏறுவது. டிக்கெட் பதினெட்டாயிரம், லாட்ஜ் வாடகை தனி. மூன்றாவது, சென்னையிலிருந்து கொழும்பு போய் அங்கே விமானம் மாறுவது. பன்னிரண்டாயிரம்தான். கப்பல் புறப்படுகிற அன்றைக்கே மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேரும். கப்பலுக்கு ஐந்து மணிக்கு கேட் மூடுவார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணம் திரும்பவும் வராது.

அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவதையே போட்டுருங்க" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சரக்கு கப்பலில் போனால்தான் பிழைப்பு. சாயத்திலோ தையலிலோ தாமதமாகித் தேதி தாண்டிவிட்டால், பையர் 'ஏரில் அனுப்பு' என்பான், அதாவது விமானத்தில். அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். அதற்கு எட்டு வருடம் முன்னால் எங்களுக்கு அப்படி ஒரு ஆர்டர் மாட்டியது. சாயம் கலர் ஒத்துவராமல் திரும்பி வந்து, கடைசியில் மொத்தப் பெட்டியும் ஏரில் போயிற்று. மடத்துக்குளத்தில் என் அப்பா எனக்கென்று எழுதிவைத்திருந்த தென்னந்தோப்பு அதில் போயிற்று. அதிலிருந்து யாராவது 'ஏர்' என்று சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பெண் வாயிலிருந்து அந்த வார்த்தையும் ரூபாயும் மாறி மாறி வர வர, நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். லாட்ஜ் வாடகையும் சேர்த்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இரண்டு பேருக்குமாகப் பதினாறாயிரம் வித்தியாசம்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏனுங்க, நம்ம பொட்டியெல்லாம் அன்னைக்குப் போயி அன்னைக்கே கப்பல் ஏறறதில்லீங்களா? நமக்கு மட்டும் எதுக்குங்க ஒருநா ரூமு?"

நான் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் லாரி எத்தனையோ தடவை கேட் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டி ஏறியிருக்கிறது. அதையே மனதில் வைத்துக் கணக்குப் போட்டேன்.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "அம்மா, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க. பெட்டிக்கு இந்தக் கப்பல் போச்சுன்னா அடுத்த கப்பல் உண்டு. உங்களுக்கு இது ஒண்ணுதான்லா."

அவள் நல்லதுக்குச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுல உங்களுக்குக் கமிசன் சேத்திக் கெடைக்குமாட்ட இருக்குதுங்க" என்றேன். பேசவே பேசாத என் வாயிலிருந்து அப்படி வந்தது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறந்து எதையும் கேட்காதவள், அதனால் கேட்டுவிட்டால் அவர் மறுப்பதில்லை. "செரி, இவ சொல்ற மாதர மூணாவதையே போட்டுருங்க" என்றார்.

ரயிலில் சென்னை போய், அங்கிருந்து காலையில் கொழும்பு. அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. விமானத்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நல்ல கண்ணைக் கண்ணாடியில் ஒட்டவைத்தபடி வந்தார். கொழும்பில் அடுத்த விமானம் ஏதோ கோளாறு என்று கிளம்பவில்லை. அரை மணி என்றார்கள், பிறகு ஒரு மணி என்றார்கள். கடைசியில் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அவர் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார், கையை இறக்கிக்கொள்வார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

சிங்கப்பூரில் இறங்கியபோது நாலரை மணி. வரிசையில் நின்று, முத்திரை குத்தி, பெட்டி எடுத்து, டாக்சி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனபோது ஐந்தே முக்கால். கேட்டை மூடி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கப்பல் ஏற்கெனவே போயிருந்தால்கூட மனது ஆறியிருக்குமோ என்னவோ. அது போகவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு உயரத்தில் ஒன்றும் இல்லை. மேல்தட்டில் ஜனங்கள் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

கேட்டில் இருந்த காவலர் தமிழர். நான் அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றேன். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. இவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, எப்படியாவது விட்டுவிடுங்கள் என்றேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். "பேர் லிஸ்ட் மேல போயிடுச்சும்மா. இனி யார் வந்தாலும் தொறக்க முடியாது" என்றார்.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். "உடு புள்ள. கேட் மூடுனா மூடுனதுதான். கப்பல் நின்னுட்டிருக்கும், பொட்டி ஏறாது. எத்தன பேரோட லாரி அப்பிடித் திரும்பியிருக்குது, எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்தபோதும் தெரிந்திருக்கும். எனக்காகத்தான் சரி என்றிருக்கிறார்.

காவலர் ஒரு நாற்காலி கொண்டுவந்து கண்ணாடிப் பக்கத்தில் போட்டார். என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து, "எத்தன மாடி இருக்குது, எண்ணிச் சொல்லு" என்றார். நான் எண்ணினேன். பத்துக்கு மேல் எனக்குக் கண் மறைத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கப்பல் சத்தமே இல்லாமல் கரையிலிருந்து விலகியது. நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது, பிறகு ஒரு வாசல் அகலம், பிறகு ஒரு தெரு அகலம். அவர் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு, அது அவருக்குத் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் தெரிந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

திரும்புகிற டிக்கெட்டை மாற்ற முடியாது. நாலு நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். ஊர் தெரியாது, பாஷை தெரியாது. காவலரே டிக்கெட் உறையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். எடுத்தது அந்தப் பெண்தான். நான் பேச ஆரம்பித்து அழுதுவிட்டேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அழாதீங்கம்மா. எங்க சித்தப்பா அங்கனதான் வேலை பாக்காவ. அவியள அனுப்புதேன். அந்த இடத்த விட்டு அசையாம இருங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் அந்த மனிதர் வந்து எங்களைக் கூட்டிப்போய், நம் ஆட்கள் தங்குகிற தெருவில் ஒரு லாட்ஜில் சேர்த்தார். நாலு நாள் வாடகை, நான் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிட்டது.

சாயங்காலமானால் கடற்கரைக்குப் போவோம். தூரத்தில் சரக்குக் கப்பல்கள் நின்றிருக்கும். "அதுல ஒண்ணுல நம்ம பொட்டி இருக்குமாட்ட இருக்குது" என்பார். படகில் கொஞ்ச தூரம் போய்வரலாமா என்று கேட்டேன். "வேண்டாம் புள்ள. கரை தெரியும்" என்றார்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டார்கள். "பிளைட்டு லேட்டுங்க, என்ன பண்றது" என்று அவர் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, முந்தின நாளே போயிருக்கலாம் இல்லையா என்று துருவித் துருவிக் கேட்டபோதும், "எனக்குத் தோணுலீங்க" என்றுவிட்டார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து 'நான்தான் வேண்டாம் என்றேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கூச்சம். நாலு மாதம் கழித்து ஒரு நாள் துணிந்து போனேன். கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள் என்றார்கள். கையில் கொண்டுபோன புடவையை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுவருடம், இந்த முறை கப்பல் கம்பெனிக்காரர்களே விமானத்தையும் சேர்த்துக் கொடுக்கிற அந்த முதல் டிக்கெட்டையே எடுத்துப் போகலாம், எத்தனை ஆனாலும் ஆகட்டும் என்று நான்தான் கேட்டேன். அதற்குள் வலது கண்ணும் வெளிச்சம், இருட்டு என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் சிரித்தார். "இப்ப எங்க நின்னாலும் எனக்குக் கரை தெரியாது புள்ள. இதுக்கு எதுக்குக் கப்பலு?" என்றார். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கம்பெனியைக் கைமாற்றிக் கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் யாராவது சிங்கப்பூர் என்று பேச்செடுத்தால், அவர் பழைய பதிலைத்தான் சொல்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, பேனாச் சத்தம் கேட்டு, என்ன எழுதுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவருக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லைதான், ஆனாலும் என் தப்பை இத்தனை வருடம் தன் தப்பாகச் சொல்லிவந்தவருக்கு முன்னால், 'நான்தானுங்க' என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் அந்தக் கப்பலைவிடப் பெரிய நஷ்டமாக எனக்கு இன்று தோன்றுகிறது.