வெயிலில் காயப்போட்ட கிற்றார்

மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று காலை வெயில் எறித்தது. மனைவி தலையணைகளையெல்லாம் முற்றத்துக் கதிரைகளில் பரப்பிவிட்டாள். சூடேறிய பஞ்சு மணத்ததும் எனக்கு ஸ்கொட்லாந்து ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். நான் பக்கத்து ஊரான கப்பல்துறையைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சின்ன விடுதியில் 'மனேஜர்' வேலை. அறை கூட்டுவதும் தேநீர் ஊற்றுவதும்கூட அந்த மனேஜர்தான். முதலாளி மூதூர் முஸ்லிம், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். ஆட்கள் வராத ஒரு மாரிகாலத்தில் ஸ்கொட்லாந்துப் பாடகர் ஒருவர் கிற்றாரோடு வந்து தங்கினார். மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பிறந்தவராம். தகப்பன் வலை இழுக்கும்போது பாடியவற்றைக் கேட்டுப் பழகி, பதினெட்டு வயதில் மதுக்கடைகளில் பாடத் தொடங்கி, ஏழெட்டு இசைத்தட்டுகளும் போட்டாராம். மனைவி இறந்தபின் ஐந்து வருடம் பாடவேயில்லை. ஊர் திரும்பியதும் மறுபடி மேடையேற வேண்டும், அதற்குத்தான் தனியே இருந்து பழகுகிறேன் என்றார். எனக்கு விளங்கிய ஆங்கிலம் பாதி. மீதி நானே போட்டுக்கொண்டது.

நாற்பது வருடமாக அவருக்கு அந்த ஒரே கிற்றார்தான். ஒருநாள் அவர் கோணேசர் கோயில் பார்க்கப் போயிருந்தபோது மழை விட்டது. மழை விட்டால் நாங்கள் என்ன செய்வோம்? பாய், மெத்தை, புத்தகம் எல்லாவற்றையும் வெயிலில் போடுவோம். கிற்றார்ப் பெட்டியைத் திறந்தேன், ஈர மணம். பாவம் என்று அதையும் தலையணைகளுக்கு நடுவில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். நல்ல மனதோடுதான், சத்தியமாக.

மத்தியானம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை கழன்று, பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. கிற்றாரை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினேன். வாசலில் அவருடைய ஓட்டோ வந்து நின்றது.

பெட்டியைத் திறந்தவர், பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நானா வந்துவிட்டார்.

"இது எப்பிடித் தம்பி உடைஞ்சது? நீ ஏதும் தொட்டனீயா?"

அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. நானாவின் முகத்தைப் பார்த்தே கேள்வி விளங்கியிருக்க வேண்டும், பாடகர் முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொன்னார்.

"மழை."

"ஓம் நானா, ஈரத்துக்குத்தான்" என்றேன் நானும், வெட்கமில்லாமல்.

ஊருக்குப் போன பாடகர் எனக்கு இரண்டு தபால் அட்டை போட்டார். வெறுங்கையோடு மேடையேறிப் பாடினாராம். சனம் எழுந்து நின்றதாம். பிறகு கிற்றாரைத் தொடவேயில்லையாம். பதில் எழுதப் பேனாவை எடுத்தால் எனக்கு அந்த 'டொக்' கேட்கும். எழுதவில்லை.

போன மாதம் அவருடைய மகள் விசாரித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். ஒவ்வொரு மேடையிலும் நான் கிற்றாரை வெயிலில் காயப்போட்ட கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் கடைசிப் பாட்டைப் பாடுவாராம். அன்று தொட்டபோது கிற்றார் சுடச்சுட, போறணை அடுப்பில் சுட்டெடுத்த பாண் ரொட்டி மாதிரி இருந்ததாம். அந்தப் பொடியன் ஒருநாள் தானே எழுதுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி ஹோட்டல். நானாவும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இனி இல்லை. சொல்லத்தான் அந்தப் பாடகர் இல்லை.